டெல்லியில் மாணவர் வாடகை: பிஜியா, ஃப்ளாட்டா, தமிழ் வீட்டு அறையா?

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் இனிப்பு கொடுத்து முடித்த பிறகுதான் தங்குமிடக் கவலை ஆரம்பிக்கும். பல கல்லூரிகளில் விடுதியே கிடையாது. இருக்கிற இடத்திலும் அறைகள் சொற்பம். அதனால் நம் ஊர்ப் பிள்ளைகள் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்: கமலா நகர், ஹட்சன் லேன் பக்கம் பிஜி (சாப்பாட்டோடு கட்டில் வாடகைக்குத் தரும் 'பேயிங் கெஸ்ட்' விடுதி), விஜய் நகரிலோ முனீர்க்காவிலோ நாலு பேர் சேர்ந்து ஃப்ளாட், மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கம் ஏதாவது தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை. எல்லோரும் முதலில் மாத வாடகையைத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் அதைக் கடைசியில் பார்ப்பேன். அடுப்பு யார் கையில் இருக்கிறது, மின் மீட்டர் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும், அந்த வீட்டில் உங்கள் ஒரு வருடம் எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம்.

பிஜியில் இரண்டுமே உங்கள் கையில் இல்லை. நீங்கள் கொடுப்பது கட்டிலுக்கான வாடகை. சாப்பாடு, வைஃபை, துணி துவைப்பு எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்வார்கள். ஏசிக்குத் தனி. ராஜ்மா, சோலே, ரொட்டி என்று முதல் மாதம் ருசியாகத்தான் இருக்கும். அக்டோபர் வந்தால் ரசம் சாதம் கனவில் வரும். அறையில் இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பெரும்பாலும் தடை. வெளியே சாப்பிடும் செலவு தனியாக ஏறும், அதை யாரும் வாடகைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெண்கள் பிஜி என்றால் இரவு இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. 2015-இல் டெல்லி மாணவிகள் தொடங்கிய 'பிஞ்ச்ரா தோட்' (கூண்டை உடை) இயக்கம் இந்த விதிகளை எதிர்த்துத்தான் எழுந்தது. விதிகள் பல இடங்களில் அப்படியேதான் இருக்கின்றன.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியும் தெரியாமல், ஊரும் தெரியாமல் வந்து இறங்கும் முதல் வருடப் பிள்ளைக்கு பிஜிதான் எளிது. பெட்டியோடு போனால் படுத்துத் தூங்கலாம். பணம் கட்டுமுன் லாக்-இன் (காலி செய்யக் கூடாத குறைந்தபட்சக் காலம்) எத்தனை மாதம், இடையில் காலி செய்தால் டெபாசிட் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். 2024 ஜூனில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தின் முடிவுப்படி, ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால், விடுதி வாடகைக்கு வரிவிலக்கு உண்டு. அப்புறம் மாடிப்படியைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் முகர்ஜி நகரில் ஒரு பெண்கள் பிஜியில் படிக்கட்டை ஒட்டிய மீட்டர் பலகையில் தீப்பிடித்து மேலே பரவியது. ஏறி இறங்க அந்த ஒரு வழிதான் இருந்தது. தீயணைப்புத் துறையினர் வந்து மாணவிகளை மீட்டார்கள்.

ஃப்ளாட்டில் அடுப்பு உங்களுடையது. குக்கரும் ஐந்து கிலோ பொன்னி அரிசியும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வேண்டுமென்றால் ஐஎன்ஏ மார்க்கெட் இருக்கிறது. மீட்டர்தான் வில்லங்கம். வீட்டுக்காரர் தன் பெயரில் ஒரே இணைப்பு வைத்துக்கொண்டு மாடிக்கு மாடி சப்-மீட்டர் போட்டிருப்பார், யூனிட்டுக்கு 9 அல்லது 10 ரூபாய் என்பார். டெல்லியில் வீட்டு மின்சாரம் முதல் 200 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, அதற்கு மேல் 800 வரை 6.50. ஏசி ஓடும் ஜூன் மாதத்தில் 600 யூனிட் ஆகிறது என்று வையுங்கள். அடுக்குக் கணக்கில் 2,800 ரூபாய். நிலைக் கட்டணம், சர்சார்ஜ், வரி எல்லாம் சேர்த்தாலும் சப்-மீட்டர்காரர் கேட்கும் 6,000-ஐத் தொடாது. ஏசி ஓடாத பிப்ரவரி போன்ற மாதங்களில் கூத்து இன்னும் பெரிது. 2019 ஆகஸ்டிலிருந்து 200 யூனிட் வரை மானியத்தில் பில் பூஜ்யம் (2022 அக்டோபரிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும்). சப்-மீட்டர் வீட்டில் அந்தச் சலுகை உங்கள் வரைக்கும் வராது. வாடகைதாரரே ப்ரீபெய்டு மீட்டர் வாங்கிக்கொள்ளும் திட்டம் ஒன்றை 2019-இல் டெல்லி அரசு அறிவித்தது. அதைச் சொன்னால் வீட்டுக்காரர் முகம் மாறும், ஆனாலும் கேட்பதில் தப்பில்லை. தனி மீட்டர் உள்ள வீடு என்றால் வாடகை 1,000 ரூபாய் அதிகமானாலும் நான் யோசிக்க மாட்டேன்.

புரோக்கருக்கு அரை மாதமோ ஒரு மாதமோ வாடகை போகும். டெபாசிட் வழக்கமாக ஓரிரு மாத வாடகை, அந்த வகையில் பெங்களூருக்கு டெல்லி எவ்வளவோ மேல். ஒப்பந்தம் 11 மாதத்துக்கு எழுதுவார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் அது. போலீஸ் வெரிஃபிகேஷனை வீட்டுக்காரர் தட்டிக்கழித்தால் அந்த வீடு வேண்டாம்.

தமிழ் வீட்டு அறை என்றதும் ஊரில் அம்மாவுக்கு நிம்மதி. சாம்பார் உண்டு, காய்ச்சல் வந்தால் கஞ்சி உண்டு. அசைவம் கூடாது, நண்பர்கள் வரக் கூடாது என்பதும் உண்டு. "ஏம்மா, நேத்து லேட்டா வந்தியே?" என்று மாமி உங்களிடம் கேட்பதற்குள் செய்தி திருச்சிக்குப் போயிருக்கும். இதெல்லாம் பழகிவிடும். எனக்குப் பயம் ஆர்.கே.புரம் குவாட்டர்ஸ் அறைகளில்தான். மத்திய அரசு ஊழியருக்கு ஒதுக்கிய வீட்டை உள்வாடகைக்கு விடுவது விதிமீறல். அதனால் ஒப்பந்தம் தர மாட்டார்கள், முகவரிச் சான்றும் கிடைக்காது. யாராவது புகார் கொடுத்தால் தேர்வு நேரத்தில்கூடப் பெட்டியைக் கட்ட வேண்டிவரும். மலை மந்திர் முருகன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, வாடகையும் குறைவு என்று மயங்காதீர்கள்.

மயூர் விஹாரில் சொந்த ஃப்ளாட் வைத்திருக்கும் குடும்பங்களிடம் அந்தச் சிக்கல் இல்லை. தெற்கு வளாகத்தில் படிப்பவருக்கு அங்கிருந்து மெட்ரோவின் பிங்க் லைனில் மாறாமல் போகலாம். வடக்கு வளாகம் என்றால் ராஜீவ் சௌக்கில் இறங்கி மஞ்சள் தடத்துக்கு மாற வேண்டும், காலை நெரிசலில் அது தினமும் ஒரு சண்டை. மெட்ரோவில் மாணவர் பாஸும் கிடையாது.

வடக்கு வளாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதல் செமஸ்டர் மட்டும் பிஜி, அதற்குள் கூடச் சமைக்கத் தெரிந்த ஒருவரையாவது நண்பராக்கிக்கொண்டு விஜய் நகரில் ஃப்ளாட் தேடுங்கள். தெற்கு வளாகம் என்றால் மயூர் விஹார் அறையை முதலில் பாருங்கள், அது சரிப்படாவிட்டால் சத்ய நிகேதன் ஃப்ளாட். எங்கே போனாலும் மொட்டை மாடியை ஒட்டிய அறையை டிசம்பரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிரில் வெயில் படும் அறை சொகுசாகத் தெரியும், மே மாதம் 45 டிகிரியில் அதே கூரைக்குக் கீழே ஏசி போட்டாலும் தூக்கம் வராது, மீட்டர் மட்டும் ஓடும்.