கொக்கியைப் பார்த்துப் பை வாங்குங்கள்: ஏற்காடு ஏற்றத்துக்கான சைக்கிள் பைகள்

சைக்கிளுக்குப் பை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" என்றுதான். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்க வாங்குவதென்றால் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். பையைத் திருப்பிப் போட்டு, முதுகில் இருக்கும் கொக்கியைப் பாருங்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பை பின்னால் வழுக்கப் பார்க்கும். இறங்கும்போது பள்ளத்துக்குப் பள்ளம் எகிறிக் கழலப் பார்க்கும். துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இந்த இரண்டையும் தாங்க வேண்டியது கொக்கிதான்.

கடைகளிலும் ஆன்லைனிலும் அதிகம் கிடைப்பது, கேரியருக்கு மேலே போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிடும் இரட்டைப் பை. விலை குறைவு, சேலத்துக்குள்ளேயே அஸ்தம்பட்டியிலிருந்து மார்க்கெட்டுக்குப் போய்வர நன்றாகவே உழைக்கும். ஆனால் இதற்குக் கொக்கியே கிடையாது, நடுவில் நாலு வெல்க்ரோ பட்டைகள் மட்டும்தான். வெல்க்ரோவில் தூசி ஏறிவிட்டால் பிடி தளரும். கீழ்ப்பகுதியில் விறைப்பான அட்டை இல்லாததால் பாரம் ஏற ஏறப் பை உள்பக்கம் பிதுங்கி ஸ்போக்கைத் தொடும். மலையிறக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அது தொட்டால் துணி கிழிவதோடு நிற்காது, சக்கரமே மாட்டிக்கொள்ளும். மலைக்கு இந்தப் பை வேண்டாம்.

மலைக்கு ஏற்றது தனித்தனியாக மாட்டிக் கழற்றும், வாயைச் சுருட்டி மூடும் ரோல்-டாப் ஜோடிதான். இந்த வகையில் பலரும் அளவுகோலாக வைத்துப் பேசுவது ஜெர்மனியின் ஆர்ட்லீப் பேக்-ரோலர் கிளாசிக். ஜோடிக்கு 40 லிட்டர், எடை சுமார் 1.9 கிலோ. மேல் கொக்கி 16 மி.மீ. குழாய் வரை பிடிக்கும். மெல்லிய குழாய்களுக்கான செருகுத் துண்டுகளும் கூடவே வரும். கைப்பிடியை இழுத்தால் பூட்டு திறக்கும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். விலை மட்டும் மலைப்பானது. கியர் இல்லாத ஒரு சாதாரண சைக்கிளையே வாங்கிவிடலாம். அந்தப் பணம் இல்லாதவர்கள் அதே அமைப்பில் வரும் மலிவான ரோல்-டாப் பைகளைத் தாராளமாக வாங்கலாம். மேல் கொக்கிக்குப் பூட்டு நாக்கு இருக்கிறதா, கீழே நகர்த்தி வைக்கக்கூடிய பிடி இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி கொக்கியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். அலுமினியக் கேரியர்களின் குழாய் பெரும்பாலும் 10 மி.மீ. தடிமன் இருக்கும். 16 மி.மீ. வாய் உள்ள கொக்கியை அதில் அப்படியே மாட்டினால் 6 மி.மீ. இடைவெளி மிஞ்சும். ஒவ்வொரு குழியிலும் பை அந்த இடைவெளிக்குள் எகிறி "டக்" என்று உட்காரும். முதலில் பெயின்ட் போகும், பிறகு அலுமினியம் தேயும், கடைசியில் பிளாஸ்டிக் நாக்கு உடையும். செருகுத் துண்டைப் போட்டால் தீர்ந்தது. அது வராத பையா? பஞ்சர் கடையில் பழைய டியூபை வெட்டிய ரப்பர் பட்டை கேட்டால் கிடைக்கும். கொக்கி உட்காரும் இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். சத்தமும் நிற்கும், வழுக்கலும் குறையும்.

மேல் கொக்கிகள் இரண்டையும் குழாயில் நகர்த்திப் பாருங்கள். கேரியரின் நிற்கும் கம்பி ஏதாவது ஒன்று, கொக்கி பின்னால் போகாதபடி தடுக்க வேண்டும். அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் செங்குத்தான வளைவுகளில் பை விரல் விரலாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். அதே சமயம் ரொம்ப முன்னால் வைத்தால் பெடல் மிதிக்கையில் குதிகால் பையில் இடிக்கும். பெரிய ஷூ போடுபவர்கள், பின்சக்கரம் சீட்டுக்கு நெருக்கமாக உள்ள ரேஸ் வகை சைக்கிள் வைத்திருப்பவர்கள், பையை மாட்டிப் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

மாட்டியதும் செய்ய வேண்டிய சோதனை இது. பையின் அடியில் உள்ளங்கையை வைத்து மேல்நோக்கி ஓங்கித் தட்டுங்கள். கொக்கி எகிறினால் பூட்டு பிடிக்கவில்லை. பிறகு அடி முனையைப் பிடித்து வெளியே இழுங்கள். இரண்டு விரலுக்கு மேல் விலகினால் கீழ்ப் பிடி கேரியர் கம்பியில் மாட்டவில்லை. திருகைத் தளர்த்தி நகர்த்தி வையுங்கள்.

கேரியரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீட் கம்பியில் ஒற்றைக் கிளாம்ப் போட்டு நிற்கும் கேரியர்கள் 10 கிலோவுக்கு மேல் தாங்காது. பக்கப் பை மாட்டினால் வளைவில் திரும்பவும் செய்யும். பின் அச்சுக்கு மேலே ஃபிரேமில் உள்ள துளைகளில் போல்ட் போட்டு நிற்கும் கேரியர்தான் வேண்டும். சாதாரணமாக அவை 25 கிலோ வரை தாங்கும். போல்ட் எம்5 அளவு, 4 மி.மீ. ஆலன் கீ. போல்ட் கழலாமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். இல்லையென்றால் இறக்கத்தின் அதிர்விலேயே தளரும். ஒரு போல்ட் உபரியாகப் பையில் கிடக்கட்டும். பழைய மாடல் கறுப்புக் கேரியரில் தட்டைப் பட்டை இருந்தால் கொக்கி உட்காராது. அதற்குப் பை தேடி அலைவதைவிடக் கேரியரை மாற்றுவதே லாபம்.

ஃபிரேமில் துளை இல்லாத சைக்கிளுக்கு, சீட்டுக்குப் பின்னால் நீட்டிக் கட்டும் நீளப் பை இருக்கிறது. 10 முதல் 14 லிட்டர் பிடிக்கும். நின்று மிதிக்கும்போது வால் போல ஆடும். கனமான சாமானைச் சீட் கம்பியோரம் திணித்தால் ஆட்டம் பாதி குறையும். ஒரு ராத்திரி தங்கலுக்கு அது போதும்.

மழைக்கு வருவோம். ஏற்காட்டில் மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் நனைத்துவிடும். பாலியெஸ்டர் துணிப் பைக்கு மேலே போடும் மழை உறையை நம்ப வேண்டாம். சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் உறை மூடாத முதுகுப் பக்கமாக உள்ளே போய், உறையின் அடியில் குளமாகத் தேங்கும். பிவிசி பூசிய தார்ப்பாய்த் துணியில், தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டிய மூட்டு உள்ள பைதான் நனையாது. வாயை மூன்று சுற்றாவது சுருட்டிப் பக்கிள் போட வேண்டும். அதனால் 20 லிட்டர் பையில் 16 லிட்டருக்கு மேல் திணிக்காதீர்கள், சுருட்ட இடம் இருக்காது. பை ஓட்டையானால் பஞ்சர் சொல்யூஷன் பிவிசியில் சரியாகப் பிடிக்காது. பிவிசி ஒட்டும் பசைதான் வேண்டும். ஊசி போட்டுத் தைக்கவே தைக்காதீர்கள், ஒவ்வொரு துளையும் ஒரு ஒழுகல்.

இன்னொரு நுணுக்கம். ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. காற்றோடு மூடிய ரோல்-டாப் பை மேலே போனதும் சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பும். சுருட்டும்போதே பையை முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிடுங்கள். மேலே போய் மூடிய பை, இறங்கி வந்ததும் சுருங்கிப் பட்டை தொளதொளக்கும். தொங்கும் பட்டை நுனி பின்கியருக்குள் போகும். நுனிகளைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டுவிடுங்கள். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறும் இதே காரணத்துக்காக மலைப்பாதையில் வேண்டாம்.

அடுக்கும் முறையில் விதி ஒன்றுதான்: கனமானது கீழே, சக்கரத்தை ஒட்டி. பூட்டு, டூல், உபரி டியூப், சாப்பாட்டு டப்பா எல்லாம் அடியில். துணிமணி நடுவில். மழை கோட்டு உச்சியில், ஏனென்றால் அதை எடுக்கும் நேரத்தில் மற்றதெல்லாம் நனையக் கூடாது. நம் ஊரில் இடது ஓரமாக நிற்கிறோம், ஆகவே பஞ்சர் சாமானும் பம்பும் இடது பையில் இருந்தால் லாரிக்கு முதுகைக் காட்டிக் குனிய வேண்டாம். இரண்டு பைகளையும் தொங்கு தராசில் மாட்டிப் பாருங்கள். வித்தியாசம் அரைக் கிலோவுக்குள் இருக்கட்டும்.

எல்லாப் பாரமும் பின்னால் போனால் செங்குத்து வளைவில் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். 2 கிலோ அளவுக்கு ஹேண்டில்பார் பையில் போட்டால் சரியாகும். அந்தப் பையில் வாழைப்பழம் மட்டும் வைக்காதீர்கள். மலைப்பாதைக் குரங்குகள் ஜிப்பைத் திறக்கும், இல்லையென்றால் கிழிக்கும். தின்பண்டம் ரோல்-டாப்புக்குள்ளேயே போகட்டும்.

மொத்தச் சுமை ஒரு ராத்திரிக்கு 6 அல்லது 7 கிலோவில் நிற்க வேண்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், கூடும் ஒவ்வொரு கிலோவும் ஏறும் நேரத்தை ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் நீட்டும். 2 மணி நேரத்தில் ஏறுபவருக்கு 5 கிலோ என்பது சுமார் 7 நிமிடக் கூடுதல் மிதி. தண்ணீரைப் பையில் வைக்காமல் ஃபிரேமில் இரண்டு பாட்டிலாக மாட்டுங்கள்.

திரும்பும்போது காப்பித்தூளும் மிளகும் வாங்காமல் யாரும் இறங்குவதில்லை. அதற்காக ஒரு பையில் 3 லிட்டர் இடம் விட்டே கிளம்புங்கள். காப்பித்தூள் வாடையை இழுத்துக்கொள்ளும். செயின் ஆயில் இருக்கும் இடது பையில் வைக்காமல் வலது பையில் துணிக்கு நடுவே வையுங்கள். ஈரத் துணியைத் தனி பிளாஸ்டிக் கவரில் கட்டுங்கள். பாரம் கூடியிருப்பதால் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல், வளைவுக்கு முன்பே விட்டு விட்டு அழுத்துங்கள். ஐந்தாறு வளைவுகளுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி ரிம்மையோ டிஸ்க்கையோ ஆறவிட்டு, அப்படியே கொக்கி நாக்கு நான்கும் பூட்டியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.