சோழமண்டல ஓவியர் கிராமம்: அரைநாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே செல்வோர் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தின் பெயர்ப்பலகையைப் பலமுறை கண்டிருப்பார்கள். மாமல்லபுரம் போகும் வழியில் சற்று நேரம் இறங்கி, தோட்டத்துச் சிற்பங்களின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோர் நிறையப் பேர். இந்த இடத்துக்கு அரைநாளாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உழைத்துச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, அடுத்தடுத்த வீடுகளில் குடியேறி, ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துப் பார்த்து வளர்ந்த நண்பர்களின் வரலாறு இங்குள்ள படைப்புகளோடு சேர்ந்தே இருக்கிறது. அதை ஓரளவு தெரிந்துகொண்டு உள்ளே நுழைகிறவருக்கு அருங்காட்சியகத்தின் ஒவ்வொரு சுவரும் கூடுதலாகப் பேசும்.

கிராமத்தின் தோற்றம் பொருளாதாரத்தில்தான் தொடங்குகிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னாளில் அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக நெடுங்காலம் இருந்தார். அவருக்குப் பின் 1957-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911-ல் பிறந்த அவர், தம்மிடம் படித்துத் தேர்ந்த இளைஞர்கள் கல்லூரிப் படியிறங்கியதும் விளம்பர நிறுவனத்துக்கோ அலுவலகத்துக்கோ போய்ச் சேர்ந்து, தூரிகையைத் தொடாமலே போய்விடுவதைக் கண்டு வருந்தினார். அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோர் மிகக் குறைவு. படம் விற்றால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையில் இருக்கிற ஓவியன், வாங்குகிறவருக்குப் பிடித்ததை வரையத் தொடங்கிவிடுவான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து கண்ட வழி கைவினை. ஓவியர்கள் தங்களுக்கென்று ஒரு கைவினைச் சங்கத்தை அமைத்து, துணியில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலை, தோல் வேலை, உலோக வேலை ஆகியவற்றைச் செய்து விற்றார்கள். ஓவியத்தைவிடக் கைவினைப் பொருளுக்கு வாங்குவோர் எளிதில் கிடைத்தனர். அந்த வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலத்தை வாங்கி, 1966-ல் இந்தக் கிராமத்தை நிறுவினார்கள். அன்று அது நகரத்தின் எல்லைக்கு வெகு வெளியே கிடந்த மணல்வெளி. நாளின் ஒரு பகுதி வயிற்றுக்கான கைவினைக்கு, மீதி எந்த வாங்குவோரையும் நினைக்காமல் செய்யும் ஓவியத்துக்கு என்று பிரித்துக்கொள்ள முடிந்ததுதான் இவர்கள் அடைந்த பெரிய விடுதலை என்று நான் கருதுகிறேன். கலைஞர்களுக்கு அரசு செய்யவேண்டியது என்ன என்று நாம் அடிக்கடி விவாதிக்கிறோம். அந்த விவாதத்தில் இந்த முன்னுதாரணம் எப்போதாவதுதான் எடுத்துச் சொல்லப்படுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

சோறு போடுவதற்காக எடுத்துக்கொண்ட அந்தக் கைவேலை, சில ஆண்டுகளில் கலைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது என்பதை இங்கு வருவோர் கண்ணாலேயே காணலாம். பணிக்கரின் மகனான சிற்பி எஸ். நந்தகோபாலின் செம்பு, பித்தளைச் சிற்பங்களின் முன் சற்று நேரம் நில்லுங்கள். தகடுகளை வெட்டி, தட்டி, பற்றவைத்து, முன்பக்கத்திலிருந்து பார்ப்பதற்கென்றே அமைக்கப்பட்ட அவற்றில் கோயில் வாகனங்களின் நினைவும், கொல்லர் பட்டறையின் கைத்திறமும், நவீன ஓவியத்தின் கோட்டு ஒழுங்கும் ஒருசேர இருக்கின்றன. கே.எம். கோபால் உலோகத் தகட்டில் புடைத்தெழச் செய்த உருவங்களும், எம். சேனாதிபதியின் உலோகப் புடைப்புகளும், எஸ்.ஜி. வாசுதேவின் செம்புத் தகடுகளும் இதே உறவைக் காட்டுகின்றன. ஓவியராகப் பயின்றவர்கள் ஏன் இவ்வளவு இயல்பாக உலோகத்தைக் கையாள்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை, பக்கத்துக் கொட்டகையில் நண்பர் சுத்தியலோடு வேலை செய்துகொண்டிருந்ததில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுத்தாலும் வராத சில பழக்கங்கள், ஒரே வளாகத்தில் வாழ்கிறவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தொற்றிக்கொள்கின்றன.

சென்னைக் கலைக்கல்லூரியை ஒட்டி வளர்ந்த நவீன ஓவிய, சிற்ப முயற்சிகளைச் சென்னைக் கலை இயக்கம் என்பார்கள். அதற்காக 2009-ல் திறக்கப்பட்ட சென்னைக் கலை இயக்க அருங்காட்சியகம்தான் வளாகத்தின் மையம். நுழைவுக் கட்டணம் சிறியது. கிடைப்பதோ தென்னிந்திய நவீன ஓவியத்தின் அரை நூற்றாண்டு. பணிக்கரின் ‘சொற்களும் குறிகளும்’ வரிசைப் படங்களிலிருந்து தொடங்குவது நல்லது. 1963 முதல் அவர் வரைந்த இந்த வரிசையில் ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தைப்போலத் தோன்றினாலும் வாசிக்க முடியாத வரிகள் எல்லாம் படத்தின் பரப்பை நிறைக்கின்றன. ஐரோப்பிய நவீன ஓவியத்தைக் கற்றுத் தேர்ந்த ஒருவர், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஏடுகளிலிருந்து தம் மொழியைக் கண்டெடுத்த முயற்சியாக அதைப் பார்க்கலாம். அதற்கு அடுத்து ஜே. சுல்தான் அலியின் பழங்குடி, நாட்டார் வடிவங்களையும், கே.வி. ஹரிதாசனின் தாந்திரிக (தந்திர வழிபாட்டு மரபுசார்ந்த) குறியீடுகளையும், பி. கோபிநாத்தின் வண்ணமயமான அருவ ஓவியங்களையும் பார்த்தால், ஒரே வளாகத்தில் வாழ்ந்தவர்கள் ஒரே மாதிரி வரைய வேண்டிய கட்டாயம் சிறிதும் இருக்கவில்லை என்பது விளங்கும். குழுவாகச் சேர்கிறவர்கள் ஒரு கொள்கை அறிக்கையின் கீழ் சேர்வதே பெரும்பாலும் வழக்கம். இங்கோ ஆளுக்கொரு பாதை. கோடு என்பதன்மேல் கொண்ட பற்றும், சொந்த மண்ணின் வடிவங்களின்மேல் கொண்ட மரியாதையும் மட்டுமே அனைவரையும் இணைக்கும் பொது இழை.

கே. ராமானுஜத்தின் படங்களைத் தேடிப்பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வதுண்டு. 1941-ல் பிறந்த அவருக்குப் பேச்சு எளிதில் வரவில்லை; மனநோயும் சேர்ந்துகொண்டது. வெளியுலகம் அவரை ஏளனமாக நடத்திய காலத்தில், பணிக்கர் அவருடைய கோட்டின் அருமையை உணர்ந்து கல்லூரியிலும் பின்னர் இந்தக் கிராமத்திலும் அவருக்கு இடம் கொடுத்தார். மை கொண்டு நுணுக்கமாக அவர் வரைந்த உலகத்தில் மாடமாளிகைகள், சிறகு முளைத்த விலங்குகள், பாம்புகள், அவற்றின் நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதர். அந்த மனிதர் ஓவியரேதான் என்பார்கள். நெருக்கமாக இழைத்த அந்தக் கோடுகளை நின்று நிதானமாகப் பார்க்கும்போது, பேசமுடியாதவர் இவ்வளவு பேசியிருக்கிறாரே என்ற வியப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது. 1973-ல், முப்பத்திரண்டு வயதையொட்டி, அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். நண்பர்கள் சூழ்ந்த ஒரு வளாகம் அவருக்கு வரைவதற்கான இடத்தையும், வரைந்ததை மதிக்கும் கண்களையும் தந்தது. நோயின் வலியிலிருந்து அவரைக் காக்க அது போதவில்லை. தோழமையைப் புகழ்ந்து எழுதும்போது இதை மறைத்துவிடக் கூடாது. ஆனால் அந்த இடம் இல்லாதிருந்தால் இந்தப் படங்களில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும் என்ற கேள்வியும் அதே அளவு நியாயமானது.

கிராமத்தின் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே கூரையின் கீழ் எல்லோரும் வாழ்ந்து, ஒரே உலையில் சமைத்து உண்ணும் கூட்டு வாழ்க்கை இங்கே இருந்ததில்லை. ஒவ்வோர் ஓவியருக்கும் தனி வீடு, தனிப் பட்டறை, தனிக் குடும்பம். காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு, வெளியூர்க் கலைஞர்கள் தங்கும் விடுதி ஆகியவை பொது. வரைவதற்குத் தனிமை வேண்டும், வரைந்ததைக் காட்ட நான்கு நண்பர்கள் வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் இந்த அமைப்பு ஒன்றோடொன்று மோதவிடாமல் நிறைவேற்றியது. உலகின் பல கலைஞர் குடியிருப்புகள் சில ஆண்டுகளிலேயே பூசலில் கலைந்துபோக, இது அறுபது ஆண்டுகளை எட்டி நிற்பதற்கு இந்தப் பிரிப்பு முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியே போக விரும்பியவர்களையும் அது கட்டிப்போடவில்லை. அக்கித்தம் நாராயணனும் வி. விஸ்வநாதனும் பாரிஸுக்குச் சென்று பெயர்பெற்றார்கள். வாசுதேவ் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். போனவர்களின் படங்களையும் இருந்தவர்களின் படங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கிராமத்தின் வரலாற்றைச் சொல்ல முடியும்.

குறையாகத் தோன்றுபவை இரண்டு. தொடக்கக் கால உறுப்பினர்களில் பெண்கள் மிகக் குறைவு. சிற்பி அனிலா ஜேக்கப், பாத்திக்கிலும் ஓவியத்திலும் சிறந்து விளங்கிய அர்னவாஸ் போன்ற ஒருசிலரின் பெயர்களே முன்னால் வருகின்றன. அந்தக் காலத்துக் கலைக்கல்லூரி வகுப்பறைகளின் நிலையும் அதுதான் என்றாலும், பார்வையாளர் அதை நினைவில் வைத்துக்கொண்டு இவர்களுடைய படைப்புகளைத் தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். இன்னொன்று, தலைமுறை. நிறுவியவர்களில் பலர் மறைந்துவிட்டார்கள். பணிக்கர் 1977-லும் நந்தகோபால் 2017-லும் காலமானார்கள். அன்று பாத்திக் விற்ற காசில் வாங்க முடிந்த கடற்கரை நிலத்தை, இன்று கல்லூரியிலிருந்து வெளிவரும் இளைஞர் கூட்டம் ஒன்று எட்டிப் பார்க்கக்கூட முடியாது. கசங்கிய தாளிலும் மண் நிறங்களிலும் ஆழமான படங்களைச் செய்த சி. டக்ளஸைப் போன்ற பின்வந்த ஓவியர்கள் இங்கே வாழ்ந்து கிராமத்துக்கு வலுச் சேர்த்திருக்கிறார்கள் என்றாலும், புதியவர்கள் கூட்டமாகக் குடியேறும் இடமாக இது இனி இருப்பது கடினம். அவர்களுக்கான வாசலாக இன்று இருப்பவை லேபர்னம், இண்டிகோ என்ற இரண்டு காட்சிக்கூடங்கள். கண்காட்சி நடத்த விரும்புகிற வெளிக் கலைஞர்களுக்கு இவை வாடகைக்குக் கிடைக்கின்றன. அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கூடங்களுக்குள் நுழையாமல் திரும்புவது சரியல்ல. முதல் கண்காட்சி வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் நீங்கள் நின்று கேட்கும் இரண்டு கேள்விகள், பணிக்கர் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியே.

குழந்தைகளை அழைத்துச் செல்கிறவர்கள் சிற்பத் தோட்டத்திலிருந்து தொடங்கலாம். மரநிழலில் கருங்கல்லும் உலோகமும் எட்டும் உயரத்திலேயே நிற்பதால், சிறுவர்கள் அருங்காட்சியகத்தின் அமைதிக்குள் நுழைவதற்கு முன் உருவங்களோடு பழகிவிடுகிறார்கள். உள்ளே போனதும் ‘இது என்ன படம்?’ என்று அவர்களை வினவுவதைக் காட்டிலும், எந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காற்றில் தொடரச் சொல்லுங்கள். ராமானுஜத்தின் படத்தின் முன் இது மிக நன்றாக நடக்கிறது. வளாகத்துக்குள் நடக்கும்போது அங்குள்ள வீடுகள் குடும்பங்கள் வாழும் வீடுகள் என்பதை மறவாதீர்கள். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே எட்டிப் பார்க்காமல், பட்டறையைப் பார்க்க விரும்பினால் காட்சிக்கூடத்தில் இருப்பவர்களிடம் முதலில் கேட்பதே முறை. இங்கு விற்பனைக்கு உள்ள படைப்புகளில் ஒன்றை வாங்கும் வசதி இருப்பவர்கள் வாங்குங்கள். கைப்பொருளை விற்று எழுந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை வேறில்லை.

இதே சாலையில் இன்னும் தெற்கே, முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தக்ஷிணசித்ராவையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்த்துவிடத் திட்டமிடுவோர் உண்டு. தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தி, குயவரும் நெசவாளரும் கண்முன் வேலை செய்யும் அந்த இடத்துக்கே தனியாக ஒரு நாள் வேண்டும். கட்டாயம் இரண்டையும் பார்த்தாக வேண்டும் என்றால், காலையில் முட்டுக்காட்டுக்குப் போய்க் கைவினைஞர்களின் வேலையைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் ஈஞ்சம்பாக்கத்துக்கு வாருங்கள். காலையில் கண்ட சாயமும் தகடும் மண்ணும் ஓவியர்களின் கையில் என்னவாக மாறின என்பதை மாலைக்குள் நீங்களே கண்டுகொள்வீர்கள்.