வலைப்பை, அவுரிச் சேலை, சங்குத் தெறி: யாழ்ப்பாணத் தையற்கடை ஒன்றின் கடல் உடுப்புகள்

யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய தையற்கடை, கடலைக் கருவாக எடுத்து நான்கு பொருள்களைச் செய்து விற்கிறது. பழைய மீன்வலையில் தோள்பை, அவுரி நீலத்தில் அலைக்கரை போட்ட கைத்தறிச் சேலை, சங்குத் தெறி (பொத்தான்) வைத்த பருத்திச் சேட், கடலாமை அச்சடித்த குர்தா. பையையும் சேலையையும் நம்பி வாங்கலாம். சேட்டை ஒரு திருத்தத்தோடு வாங்கலாம். குர்தா வேண்டாம்.

கடையின் உயிர் பைதான். குருநகர், பாசையூர்ப் பக்கம் கழித்துவிட்ட வலை என்று கடையில் சொல்கிறார்கள். தங்கூசி வலை இல்லை, முறுக்கிய நைலோன் நூல்வலை. இது நல்ல தெரிவு. தங்கூசி ஒற்றை இழை. வெயில் தின்ற பிறகு முறிந்து, முனை தோலில் குத்தும். முறுக்குநூல் பழகப் பழக இளகும்.

வலை எதனால் ஆனது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஓரத்தில் தொங்கும் நூலில் ஒரு துண்டை வெட்டி, தண்ணீரில் நனைத்து, காற்றுக்குமிழி போக விரலால் பிசைந்து விடுங்கள். நைலோன் அமிழும். பொலிஎத்திலீன், பொலிபுரொப்பிலீன் இரண்டும் மிதக்கும். இந்தப் பையின் உடல் நூல் அமிழ்ந்தது, கைப்பிடிக் கயிறு மிதந்தது. பையின் பெரிய குறையும் அந்தக் கயிறுதான். நெடுநாள் வெயில்பட்ட மிதவைக்கயிறு வெளுத்து, மேலே தூளாக உதிரும். கையில் ஒட்டும் அந்தத் தூள் பிளாஸ்ரிக். கடலைக் காப்பாற்றச் செய்த பையில் அது இருக்கக் கூடாது. பருத்தி நாடாவில் கைப்பிடி போட்டுத் தரச் சொல்லுங்கள்; கேட்டால் செய்கிறார்கள்.

வலைக்கண் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். இரண்டு படை வலையை ஒன்றின் கண் மற்றதன் முடிச்சில் விழும்படி தள்ளி வைத்துத் தைத்திருப்பதால் மரக்கறி விழாது, திறப்பும் சில்லறையும் விழும். அதற்கு உள்ளே ஒரு துணிப்பை இருக்கிறது. வலையை வெட்டினால் முடிச்சு நழுவும். அதனால் வெட்டிய முனைகளைச் சூடான தகட்டால் உருக்கி அடைத்திருக்கிறார்கள். உருகிய நைலோன் ஆறினால் கண்ணாடித் துண்டு மாதிரி. அதை மறைக்கப் பருத்தி நாடா சுற்றியிருந்தும், நாங்கள் பார்த்த பையின் அடிமூலை ஒன்றில் நாடா அரை அங்குலம் விலகியிருந்தது. பட்டுச்சேலையில் பட்டால் இழை இழுக்கும். வாங்குமுன் உள்ளே கையைவிட்டு விளிம்பு முழுவதையும் தடவிப் பாருங்கள்.

ஏழு கிலோ அரிசியை வைத்து ஒரு மணிநேரம் கொளுவியில் தொங்கவிட்டோம். பை நாலு விரல் இறங்கியது, இறக்கி வைத்ததும் பழைய அளவுக்கு வந்தது. நைலோனின் குணம் அது. கைப்பிடியைச் சதுரமாக ஓட்டி நடுவே குறுக்குத் தையல் போட்டிருக்கிறார்கள், ஓர் இழையும் அறவில்லை. மெல்லிய மீன்வாடை இருந்தது. முடிச்சுக்குள் உப்பு தங்கினால் மழைக்காலத்தில் ஈரம் இழுத்து வாடை திரும்ப வரும். நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, காலை மாலை தண்ணீரை மாற்றி, சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் கொண்டு முடிச்சுகளைத் தேய்த்து, நிழலில் காயவிடுங்கள். வெயில் நைலோனைக் கெடுக்கும்.

சேலையின் நீலம் அழகு. கரையில் அலை ஒரே அளவில் ஓடாமல், தலைப்பை நெருங்க நெருங்க அகன்று போவது வடிவமைத்தவரின் கண்ணுக்குச் சான்று. ஆனால் ஈரவெள்ளைத் துணியால் பத்துமுறை தேய்த்ததில் தெளிவான நீலக்கறை வந்தது. அவுரி நூலின் மேற்பரப்பில் தங்கும் சாயம். கடைசி அலசல் போதாவிட்டால் இப்படித்தான். முதல் மூன்று தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், ஊறவைக்காமல் கழுவுங்கள். அதுவரை வெள்ளைச் சட்டையோடு உடுக்க வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு சவர்க்காரத்தோடு சேர்ந்து வெண்படலமாகத் துணியில் படியும், நீலம் மங்கியது போலத் தெரியும். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் அது போய்விடும்.

கரையின் சிவப்பு இரசாயனச் சாயம். இங்கே ஒரு ஆசை. யாழ்ப்பாணம், மன்னார், தீவுப்பகுதி மணலில் ஒரு காலத்தில் சிவப்புச் சாயம் தரும் சாயவேர் கிண்டினார்கள், ஒல்லாந்தர் அதை வருமானப் பொருளாகவே நடத்தினார்கள். படிகாரம் ஏற்றிய பருத்தியில் அந்தச் சிவப்பு நன்றாகப் பிடிக்கச் சுண்ணாம்பு வேண்டும். சவர்க்காரத்துக்குப் பகையான நம் தண்ணீர் அந்த வேருக்கு உறவு. இந்தக் கடை அதை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும்.

சேட் நல்ல துணி, நல்ல வெட்டு. சங்குத் தெறியின் துளை விளிம்பு மட்டும் கூர், நூலை அறுக்கும். தெறிக்கு அடியில் நூலைச் சுற்றிச் சிறு காம்பு கட்டித் தைத்துத் தரச் சொல்லுங்கள். சேலைக்குச் சொன்ன வினாகிரியைச் சேட்டுக்கு விடவே கூடாது. சங்கு சுண்ணாம்புதான், புளிப்பு பட்டால் மினுக்கம் போய்விடும். பவளமும் ஆமை ஓடும் கடையில் எதிலும் இல்லை. அதற்காகவே பாராட்டலாம்.

குர்தா முழுப் பொலியெஸ்டர். சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் அந்த மாதிரி அச்சு பொலியெஸ்டரில்தான் பிடிக்கும், அதனால் வேறு துணி எடுக்க வழியில்லை. ஒவ்வொரு கழுவலிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் கழரும். கழுவிய தண்ணீர் வாழையடிக்குப் போகிற வீடுகள் இங்கே நிறைய. கீழே இருப்பதோ வெடிப்புள்ள சுண்ணக்கல், அந்தத் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கும். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கி, மேற்குக் கரையெல்லாம் பிளாஸ்ரிக் மணி ஒதுங்கியதைப் பார்த்த நாடு இது. அந்தக் கடலில் வாழும் ஆமையைப் பிளாஸ்ரிக்கில் அச்சடித்து விற்பது மனதுக்கு ஒப்பவில்லை. பருத்தியில் கட்டைஅச்சாகப் போட்டால் நிறம் குறையும், பரவாயில்லை.

பை வாங்கும்போது அதே வலைநூலில் இரண்டு பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்) கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு கண் அறுந்தால் கரையில் வலை பொத்துகிற எவரிடமும் கொடுக்கலாம், வலைமுடிச்சு அவர்களுக்குக் கைவந்தது. தையற்கடை இயந்திரத்தில் ஓட்டினால் பக்கத்துக் கண்ணும் சுருங்கிப் பை கோணும்.