பழைய செரோக்கியை உயர்த்துதல்: ஸ்பேசரா, புதிய ஸ்பிரிங்கா?

1984 முதல் 2001 வரை தயாரான ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே வண்டியை உயர்த்த விரும்புபவர், பாகங்களைத் தேடுவதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை நான்கு பக்கமும் அளந்துகொள்ள வேண்டும். இத்தனை ஆண்டுகள் ஓடிய வண்டியில் பின்பக்கக் கமான் பட்டைகள் பெரும்பாலும் வளைவிழந்து தட்டையாகியிருக்கும்; புதிதாகக் கிடைக்கும் உயரத்தில் ஒரு பங்கு, இழந்ததை மீட்கவே போய்விடும்.

முன்பக்கம் காயில் (சுருள்) ஸ்பிரிங். ஸ்பேசர் என்பது அதன் மேல் வைக்கும் வளையம் மட்டுமே. ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாததால் பயணத்தின் மென்மை கெடுவதில்லை என்பது அதன் உண்மையான நன்மை; தளர்ந்த ஸ்பிரிங் தளர்ந்தபடியே இருக்கும் என்பது அதன் மறுபக்கம். ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருந்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது விரைவில் முழுதாக நீண்டு இழுபடும். புதிய ஸ்பிரிங் விலை கூடுதலானாலும் வண்டியின் எடைக்கேற்ற விறைப்பைத் தேர்ந்தெடுக்க இடம் தருகிறது. ஆனால், வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பி உருளை) இரும்பு பம்பரும் இல்லாத வண்டிக்கு அவற்றைச் சுமப்பதற்கான ஸ்பிரிங்கை வாங்கினால், வண்டி சொன்ன உயரத்தையும் தாண்டி நின்று, ஒவ்வொரு கல்லிலும் முதுகைத் தட்டும்.

பின்பக்கத்தில்தான் தவறான சிக்கனம் அதிகம் நடக்கிறது. பட்டையின் நுனியை வண்டியின் உடலோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாற்றுவது மலிவானது; ஆனால் ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் ஆக்சிலுக்கு மேல் கிடைப்பது சுமார் 1 அங்குலம்தான், அதோடு ஆக்சிலின் கோணமும் திரும்பிவிடும். பட்டைக்கட்டில் ஒரு கூடுதல் பட்டையைச் செருகுவது அடுத்த வழி. குட்டையான பட்டை சுமையை நடுப்பகுதியிலேயே குவிப்பதால் பயணம் கடினமாகிறது. நீளமானது ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தக்கது. இரண்டுமே களைத்துப்போன பழைய பட்டைகளை நம்பித்தான் நிற்கின்றன. ஆகவே முன்பக்கம் ஸ்பேசரோடு நிறுத்திக்கொள்பவர்கூடப் பின்பக்கம் முழுப் பட்டைக்கட்டையும் அதன் ரப்பர் புஷ்களோடு மாற்றிவிடுவதே சரி என்பது என் முடிவு.

ஷாக்கில் இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என இரு வகை. ஒற்றைக் குழாய் வெப்பத்தை எளிதில் வெளியேற்றுவதால் நீண்ட கரடுமுரடான பாதையில் தணிப்புத் திறனை விரைவில் இழப்பதில்லை. ஆனால் கல் பட்டுக் குழாய் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மெதுவாகப் பாறை ஏறுபவருக்கு இரட்டைக் குழாயே போதும். எந்த வகையானாலும் உயர்த்திய அளவுக்கேற்ற நீளம் இருக்க வேண்டும்.

உயரத்தோடு வரும் துணைச் செலவுகளையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். முன் ஆக்சில் பக்கவாட்டில் நகர்வதைச் சரிசெய்ய ஆக்சிலை வண்டியின் உடலோடு குறுக்காகப் பிணைக்கும் டிராக் பார், நீளம் மாற்றக்கூடியதாகத் தேவைப்படும். அதன் இணைப்புகள் தேய்ந்திருந்தால் ஸ்டீரிங் கட்டுக்கடங்காமல் உதறும். காஸ்டர் கோணம் (ஸ்டீரிங் அச்சின் பின்சாய்வு) குறைவதால் அலைன்மென்ட்டும் கட்டாயம். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். சுமார் 3 அங்குலத்தில் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரத் தொடங்கலாம். விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சற்று இறக்கிவிடுவது மலிவான தீர்வு, ஆனால் உயர்த்திப் பெற்ற இடைவெளியில் கொஞ்சத்தை அது திருப்பி எடுத்துக்கொள்ளும். ஷாஃப்ட்டை டிரான்ஸ்ஃபர் கேஸோடு இணைக்கும் நழுவும் யோக்கை நீக்கி, இரட்டை மூட்டுள்ள ஷாஃப்ட் பொருத்துவது செலவானாலும் நிலையானது.

எந்த ஸ்பிரிங்கும் ஆக்சிலின் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலைத் தரையிலிருந்து உயர்த்தாது. அது டயரின் வேலை. ஏறத்தாழ 28 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குலம் போட்டால் அங்கே ஒன்றரை அங்குலம் கூடும். அந்த டயர் இடிக்காமல் சுழல 3 அங்குல உயர்த்தல் பொதுவாகப் போதும் என்பதால், அதற்கு மேல் செல்ல நான் பரிந்துரைப்பதில்லை. வேலையைத் தொடங்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே பின் ஷாக்கின் மேல் போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெயை விட்டுவர வேண்டும். இந்த வண்டியில் அவை முறிவதற்குப் பேர்போனவை.