34 பெரிதா, 32 பெரிதா? கேமுக்கும் வேலைக்கும் ஒரே மானிட்டர்

மானிட்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது அங்குலத்தை. கடைக்காரரும் அதைத்தான் முதலில் சொல்கிறார். ஆனால் அந்த எண் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தது. அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று அது சொல்லாது. 34 அங்குல அகலத்திரையின் அகலம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர், உயரம் 33. வழக்கமான 16:9 வடிவில் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) வரும் 32 அங்குலத் திரையோ அகலம் 71, உயரம் 40. பெருக்கிப் பாருங்கள். 32தான் பெரியது.

ஜிஎஸ்டிகூட இந்த எண்ணை நம்பியே வரி போட்டது. 2019 ஜனவரி முதல் 32 அங்குலம் வரையிலான மானிட்டருக்கு 18 சதவீதம், அதைத் தாண்டினால் 28 சதவீதம். பரப்பு குறைந்த 34க்கு வரி அதிகம்! 2025 செப்டம்பர் 22இல் இரண்டும் 18 சதவீதத்துக்கு வந்த பிறகுதான் இந்த வேடிக்கை ஓய்ந்தது. நான் என்னுடைய 34ஐ வாங்கியது அதற்கு முன்பு. வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

களத்தில் இருப்பவை மூன்று. 2560×1440 பிக்சல் கொண்ட 27 அங்குலம், 3440×1440 கொண்ட 34 அங்குல அகலத்திரை, 3840×2160, அதாவது 4கே தரத்தில் 32 அங்குலம். முதல் இரண்டுக்கும் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். எழுத்தின் கூர்மையும் ஒன்றுதான், அங்குலத்துக்கு 109, 110 பிக்சல். அதாவது 34 என்பது இருபுறமும் 440 பிக்சல் சிறகு முளைத்த 27. அந்தச் சிறகுக்கு உங்களிடம் வேலை இருக்கிறதா என்று பார்த்தால் பாதி முடிவு கிடைத்துவிடும்.

என் அண்ணன் மகனுக்கு அந்தச் சிறகால் வேலை இல்லை. அவன் விளையாடுவது வேலோரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம். அந்த கேம் களத்தை 16:9 அளவுக்கு மேல் காட்டாது. என் திரையில் ஒருநாள் விளையாடிப் பார்த்துவிட்டு, "கால்வாசித் திரை சும்மா கிடக்கிறதே, சித்தப்பா" என்றான். கணக்குப் போட்டேன், சரியாகக் கால்வாசிதான். அவன் வாங்கியது 180 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 180 முறை படத்தைப் புதுப்பிக்கும் 27 அங்குலம். போட்டி கேம்களில் எதிராளி தலை நீட்டும் நொடியைப் பிடிக்க வேகம் வேண்டும். ஓரங்களைப் பார்க்கக் கழுத்தைத் திருப்புவது அங்கே பாதகம்தான்.

கதையை ரசித்துத் தனியாக விளையாடுகிறவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. கார் பந்தயத்தில் பக்கக் கண்ணாடி வரை தெரிகிறது. விமான சிமுலேட்டரில் இறக்கையைப் பார்க்கத் தனியாகத் திரும்ப வேண்டியதில்லை. சைபர்பங்க் 2077இன் இரவுத் தெருக்களை அகலத்திரையில் பார்த்த பிறகு 27க்குத் திரும்பினால் சாளரத்தின் ஒரு கதவை மூடிவிட்டது போல இருக்கிறது. எல்லா கேமும் இப்படி ஒத்துழைக்கும் என்று நம்ப வேண்டாம். 2022இல் வந்த எல்டன் ரிங், இருபுறமும் கறுப்புப் பட்டை போட்டுவிடுகிறது. வேறு பல கேம்களில் விளையாட்டு விரிந்தாலும் நடுநடுவே வரும் கதைக்காட்சிகள் 16:9க்குச் சுருங்கிவிடும். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் 34ஐ மறந்துவிடலாம். 1440 வரிசைத் தரத்தையே அது 2022 செப்டம்பரில்தான் ஏற்றுக்கொண்டது; அகல வடிவம் அதற்குத் தெரியாது.

கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டின் பக்கமிருந்தும் பாருங்கள். 27 அங்குலத்தில் சுமார் 37 லட்சம் பிக்சல், 34இல் 49.5 லட்சம், 4கே திரையில் 83 லட்சம். 34 கேட்பது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பு. 4கே கேட்பது இரண்டே கால் மடங்கு. நடுத்தர கார்டை வைத்துக்கொண்டு கேமுக்காக 4கே வாங்குவது, சின்ன அடுப்பில் கல்யாணச் சமையல் செய்கிற காரியம்.

வேலை என்று வந்தால் 4கே 32 மேலே ஏறுகிறது. தமிழில் நிறைய எழுதிப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் எழுத்தில் சுழியும் கொம்பும் புள்ளியும் நெருங்கி வருகின்றன. ளு, ணு, ஞ போன்றவை குறைந்த பிக்சலில் குழம்பிவிடும். 4கே 32இல் அங்குலத்துக்கு 138 பிக்சல் இருப்பதால் அச்சுப் பக்கம் போலத் தெரிகிறது. நேர்மாறாக, விலை குறைவு என்று தள்ளுபடிக் காலத்தில் கண்ணில் படும் 2560×1080 தர 34 அங்குலத் திரையை வாங்கிவிடாதீர்கள். அங்குலத்துக்கு வெறும் 82 பிக்சல். மெய்யெழுத்தின் புள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

34இன் பலம் இரண்டு ஆவணங்களை அருகருகே வைப்பது. இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் நான் எழுதுவது, நடுவில் மானிட்டரின் விளிம்புச் சட்டம் எதுவும் குறுக்கிடாது. எக்செலில் நெடுக விரியும் பத்திகளுக்கும் வீடியோ வெட்டும் மென்பொருளின் காலக்கோட்டுக்கும் இது தனிச் சுகம். இரண்டு 24 அங்குலத் திரைகள் இந்த வேலையை மலிவாகச் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கேம் ஆடும்போது நட்டநடுவே கறுப்புச் சட்டம் நிற்கும். 34இன் சங்கடம் கூட்டங்களில் தெரியும். முழுத் திரையையும் பகிர்ந்தால் மடிக்கணினியில் பார்ப்பவருக்கு எழுத்து எறும்பாகிவிடும். ஒரு சாளரத்தை மட்டும் பகிரப் பழகிக்கொள்ளுங்கள். நான் திட்டு வாங்கிய பிறகு பழகினேன்.

படம் பார்க்க அகலத்திரைதான் என்று எல்லோரும் சொல்வார்கள். சினிமாஸ்கோப் படம் திரையை நிரப்பும்போது அழகுதான். ஆனால் கறுப்புப் பட்டையோடு சேர்த்தே பதிவேற்றிய படம் என்றால் நாலாபுறமும் கறுப்பு சூழ, நடுவில் தபால்தலை போல ஓடும். யூடியூபின் வழக்கமான வீடியோ 27 அங்குல அளவில்தான் தெரியும்.

திரையின் வகையைப் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்; விஏ, ஐபிஎஸ், ஓஎல்இடி என்று எழுதியிருக்கும். குறைந்த விலை வளைவுத் திரை 34கள் பெரும்பாலும் விஏ வகை. அவற்றில் கறுப்பு நன்றாக இருக்கும், ஐபிஎஸ் வகையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஆழம்; ஆனால் இருட்டான காட்சியில் உருவங்கள் நகரும்போது மை இழுத்தது போலத் தடம் விடும். ஐபிஎஸின் ஆழமில்லாத கறுப்பு, விஏயின் தடம் என்ற இரண்டு குறையையும் ஓஎல்இடி தீர்க்கிறது. பதிலுக்கு, நாள் முழுக்க அசையாமல் நிற்கும் டாஸ்க்பார் போன்றவை நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியலாம் என்ற கவலையைத் தருகிறது. பகலில் எட்டு மணி நேரம் அலுவலக வேலை செய்கிறவர் என்றால் என் வாக்கு ஐபிஎஸ்க்கு.

என்னைக் கேட்டால் பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு 27 போதும். மிச்சமாகும் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடலாம். கேம் கொஞ்சம், வாசிப்பும் எழுத்தும் அதிகம் என்றால் 4கே 32. பந்தயம், சிமுலேட்டர், கதை கேம், கூடவே இரு ஆவண வேலை என்று எல்லாம் கலந்திருந்தால் மட்டும் 34. நான் அந்தக் கடைசிக் கூட்டம்.

வாங்கிய பிறகு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணையுங்கள். எச்டிஎம்ஐ 2.0 வழியாகப் பல 34 திரைகள் 100 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். விண்டோஸ் அமைப்பிலும் வேகத்தை மாற்ற வேண்டும். மாற்றாமல் 60இலேயே மாதக்கணக்கில் ஓட்டியவர்களை அறிவேன்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மேலே பலகையும் இருபுறமும் தடுப்பும் வைத்த பழைய கம்ப்யூட்டர் மேசைகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அட்டைப்பெட்டி ஒன்றை 82 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி அந்த இடத்தில் நுழைத்துப் பாருங்கள். என் மேசையில் நுழையவில்லை. ரம்பத்தோடு ஒரு தச்சரை வரவழைக்க வேண்டியிருந்தது.