போனுக்கு மைக் வாங்கினால் முதல் நாளே இதைச் சோதித்துவிடுங்கள்

பெட்டிக்குள் இரண்டு குட்டி காலர் மைக், போனில் செருக ஒரு ரிசீவர். பெட்டி மேல் "48 கிலோஹெர்ட்ஸ்", "நாய்ஸ் கேன்சலேஷன்", "எல்லா போனுக்கும் பொருந்தும்". செருகினால் பச்சை விளக்கு எரிகிறது. வீடியோ எடுத்துப் போட்டுக் கேட்டால் குரலும் நன்றாகவே கேட்கிறது. வாங்கியவர் திருப்தியாகப் பையில் வைத்துவிடுகிறார். சில வாரம் கழித்து வெளியில் தள்ளி நின்று எடுக்கும்போதுதான் விஷயம் தெரிகிறது: இத்தனை நாளும் பதிவு செய்தது போனின் சொந்த மைக். அதற்குள் ரிட்டர்ன் கெடு முடிந்திருக்கும். விற்றவரைக் கேட்டால் "உங்க போன் செட்டிங்கைப் பாருங்க" என்ற ஒரே பதில்தான் வரும்.

மலிவு மைக் வாங்கி ஏமாறுபவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான். பச்சை விளக்குக்கு அர்த்தம் மைக்கும் ரிசீவரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன என்பது மட்டுமே. போன் அந்த ஒலியை எடுத்துக்கொள்கிறதா என்பதை அந்த விளக்கு சொல்லாது.

அதைக் கண்டுபிடிக்க நகம் போதும். ரெக்கார்டிங் ஓடும்போது காலர் மைக்கின் வலையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பிறகு போனின் அடியில் இருக்கும் மைக் ஓட்டையருகே சுரண்டுங்கள். போட்டுக் கேட்கும்போது எந்தச் சுரண்டல் காதைக் கிழிக்கிறதோ, அந்த மைக்தான் பதிவாகிறது. இதை வாய்ஸ் ரெக்கார்டரில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். நீங்கள் உண்மையில் வீடியோ எடுக்கும் ஆப்பிலும் செய்ய வேண்டும். ரெக்கார்டரில் வெளி மைக்கை எடுத்துக்கொள்ளும் சில ஆண்ட்ராய்டு போன்கள், கூடவே வரும் கேமரா ஆப்பில் அதைக் கண்டுகொள்ளாது. அப்படியானால் மைக்கின் மேல் பழி போட முடியாது. 'ஓப்பன் கேமரா' போன்ற இலவச ஆப்பில் வீடியோ செட்டிங்குக்குள் ஆடியோ சோர்ஸ் என்ற இடத்தில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சில போன்களில் ஓடிஜி வசதியை (சார்ஜ் துளையில் வெளிக் கருவிகளை இணைக்கும் வசதி) செட்டிங்கில் போய் ஆன் செய்ய வேண்டும். சும்மா இருந்தால் கொஞ்ச நேரத்தில் அது தானாக ஆஃப் ஆகியும்விடும். இவ்வளவும் பார்த்த பிறகும் நகச் சத்தம் வரவில்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டிய சரக்குதான்.

வயர் மைக்கில் ஏமாற்று வேறு மாதிரி. 3.5 மில்லிமீட்டர் பின்னில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் என்றால் கேமராவுக்கான டிஆர்எஸ் பின். மூன்று வளையம் என்றால் போனுக்கான டிஆர்ஆர்எஸ் பின். இன்று பரவலாக இருக்கும் போன் ஜாக்குகளில் மைக் இணைப்பு பின்னின் கடைசிப் பகுதியில் வருகிறது. டிஆர்எஸ் பின்னில் அந்த இடம் முழுக்க கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பும் பொது இணைப்பு. செருகியதும் மைக் வழி கிரவுண்டோடு சேர்ந்துவிடும். வெறும் ஹெட்போன்தான் வந்திருக்கிறது என்று நினைத்து போன் தன் மைக்கிலேயே தொடரும். "மொபைலுக்கும் கேமராவுக்கும்" என்று விளம்பரம் போட்டுவிட்டு, இரண்டு வளையப் பின்னை மட்டும் அனுப்பி, மாற்றும் அடாப்டரைத் தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே டப்பா போன்ற சுவிட்ச் உள்ள காலர் மைக் என்றால், சுவிட்ச் போன் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைப்-சி அடாப்டரில் இன்னொரு கண்ணி. விலை குறைந்த சிலவற்றுக்குள் சிப்பே கிடையாது, வெறும் வயர். டைப்-சி வழியாக அனலாக் ஒலி தரும் போன்களில் மட்டும் அது வேலை செய்யும். மற்றவற்றில் ஒன்றும் நடக்காது. சிப் உள்ளவற்றிலும் சில, பாட்டு கேட்க மட்டும் ஆனவை. மைக்கை உள்ளே வாங்காது. ஹெட்போனில் பாட்டு கேட்டது என்பதற்காக அடாப்டர் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

இனி அந்த "நாய்ஸ் கேன்சலேஷன்". இந்த விலையில் வரும் பல மைக்குகளில் சிப் செய்வது, ஒலி ஒரு அளவுக்குக் கீழே போனால் வாயை மூடிவிடுவதுதான். மின்விசிறிச் சத்தம் போகும், உண்மை. கூடவே சொல்லின் கடைசி எழுத்தும் போகும். தமிழில் இது பெரிய இடைஞ்சல். "வந்தான்", "வந்தாள்" இரண்டிலும் ஆளைக் காட்டுவது கடைசி மெய்தான். அதை நாம் மெதுவாகத்தான் உச்சரிக்கிறோம். மின்விசிறியைப் போட்டுவிட்டு, இந்த இரண்டு சொல்லையும் சாதாரணமாகப் பேசி, வசதி ஆனில் ஒரு முறையும் ஆஃபில் ஒரு முறையும் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். எது ஆண், எது பெண் என்று தெரியவில்லை என்றால் அந்த வசதியை நிரந்தரமாக அணைத்து வையுங்கள். அணைக்கவே வழியில்லாத மாடலை வாங்காதீர்கள். பதிவான பின் வெட்டுப்பட்ட எழுத்தை எந்த எடிட்டிங்கிலும் மீட்க முடியாது. மின்விசிறி இரைச்சலையோ பின்னால் ஓரளவு குறைத்துக்கொள்ளலாம்.

"48 கிலோஹெர்ட்ஸ்" என்றால் ஒலியை நொடிக்கு 48 ஆயிரம் முறை அளந்து பதிவு செய்வது. அந்த எண்ணில் பாதி வரையிலான ஒலிதான் பதிவாகும். இதையும் சரிபார்க்க முடியும். பதிவைக் கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். ச, ஸ போன்ற ஒலிகள் வரும் இடத்தில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டினாற்போல் வெறுமையாக இருந்தால், மைக் உள்ளே 16 கிலோஹெர்ட்ஸில் எடுத்து 48 என்று பொட்டலம் கட்டித் தருகிறது என்று பொருள். பல ப்ளூடூத் ஹெட்செட் மைக்குகளில் வருவதும் இதே டெலிபோன் குரல்தான். இன்னும் மோசமானதில் 4 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஒரு நியாயம்: 15, 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் வெறுமை என்றால் அது வீடியோவைச் சுருக்கும்போது போன் வெட்டியதாக இருக்கலாம். அதை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.

முன்னால் வரும் ஒலியை மட்டும் பிடிப்பதாகச் சொல்லும் குழாய் வடிவ "ஷாட்கன்" மைக் வாங்கியவர்கள் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று ஒரே தூரத்தில் நின்று பேசிப் பாருங்கள். மூன்றும் ஒரே அளவில் கேட்டால் குழாய்க்குள் இருப்பது எல்லாத் திசையும் கேட்கும் சாதாரண கேப்சூல் (ஒலியைப் பிடிக்கும் பகுதி). நிஜமான மைக்கிலும் 10 சென்டிமீட்டர் குழாயால் சுமார் 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் திசை பிரிக்க முடியும். குரலின் அடிப்பகுதி அதற்குக் கீழே இருக்கிறது. அதனால் "10 அடியிலிருந்து தெளிவாக" என்ற விளம்பரத்தை நம்பவே வேண்டாம். ஸ்டாண்டில் நிற்கும் பெரிய ஸ்டூடியோ கண்டென்சர் மைக்கைப் போனோடு சேர்த்து விற்பதும் இந்த ரகம்தான். அவற்றில் பல இயங்க 48 வோல்ட் மின்சாரம் கேட்பவை. போன் ஜாக் தருவது 2 வோல்ட் அளவு. கேட்பதெல்லாம் இரைச்சலும் எங்கோ தூரத்தில் ஒரு குரலும்.

வயர்லெஸ்ஸில் எழுதியிருக்கும் தூரம் நடுவில் தடை இல்லாத திடலுக்கானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் நன்றாகவே விழுங்கும். மைக்கை நெஞ்சில் மாட்டி, 10 மீட்டர் தள்ளிப் போய், போனுக்கு முதுகைக் காட்டிப் பேசுங்கள்; ஒலி விட்டு விட்டு வந்தால் தெரிந்துவிடும். ஒரு முறை கை தட்டி, கை சேரும் இடத்திலேயே சத்தமும் வருகிறதா என்று வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தியும் பாருங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 33 மில்லி நொடி. ஒலி ஒரு ஃபிரேம் பிந்தினால் தெரியாது. நான்கைந்து பிந்தினால் உதடும் சொல்லும் பிரிந்து நிற்கும்.

இந்தச் சோதனைகள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெட்டி பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். ஒரே வாக்கியத்தைப் போன் மைக்கிலும் வாங்கிய மைக்கிலும் பதிவு செய்து, எடிட் செய்யாத கோப்புகளை அப்படியே வைத்திருங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. "புது ரிசீவர் அனுப்புகிறோம், ஒரு வாரம் பொறுங்கள்" என்றால் பொறுக்கலாம், ஆனால் ரிட்டர்ன் கோரிக்கையை முதலில் பதிந்துவிட்டுப் பொறுங்கள். பெட்டிக்குள் ஐந்து நட்சத்திரம் போட்டால் பரிசு என்று சீட்டு இருந்தால், அந்தப் பொருளுக்கு வந்த பாராட்டுகள் எப்படிக் குவிந்தன என்பது புரிந்துவிடும்.

உட்கார்ந்த இடத்தில் பேசும் வீடியோ என்றால் வயர்லெஸ்ஸே தேவையில்லை. சரியான பின் உள்ள வயர் காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டினால், மலிவு வயர்லெஸ்ஸை விட நன்றாக வரும். சார்ஜ் தீரும் பயமும் இல்லை. ஒலி அளவு காட்டும் ஆப் என்றால் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும். மைக் வாங்கும்வரை இரண்டாவது போனைச் சட்டைப் பையில் வைத்து ரெக்கார்டரை ஓடவிட்டு, தொடக்கத்தில் ஒரு முறை கை தட்டி, எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். பைத் துணி மைக் ஓட்டையில் உரசாமல் இருக்கப் போனைத் தலைகீழாக, ஓட்டை மேலே வரும்படி வையுங்கள்.