மை பிளடி வேலன்டைனோட ட்ரெமோலோ: தட்டு கோணலா, பாட்டே கோணலா?

போன மாசம் சிங்கப்பூர் சிட்டி ஹால் பக்கம் ஒரு பழைய ரெக்கார்ட் கடைல மை பிளடி வேலன்டைன்ங்கிற பேண்டோட ட்ரெமோலோ ஈ.பி (ஆல்பத்த விட சின்னது, நாலஞ்சு பாட்டு மட்டும் இருக்கும்) கண்ணுல மாட்டுச்சு. 1991ல வந்த பன்னெண்டு இஞ்ச் தட்டு, கவர் ஓரம் கொஞ்சம் நைஞ்சிருந்துச்சு, வெல 55 வெள்ளி. பேரம் பேசாம வாங்கிட்டு யீஷூன் வரைக்கும் எம்ஆர்டி ரயில்ல மடிலயே வச்சுக்கிட்டு வந்தேன். வீட்டுல போட்டா மொத பாட்டுலயே சுருதி ஆடுது, கிச்சன்லேருந்து அம்மா "டேய் தம்பி, ஸ்பீக்கர் போயிருச்சாடா"ன்னு கேக்குறாங்க.

இந்த பேண்ட பத்தித் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 1983ல டப்ளின்ல ஆரம்பிச்சவங்க, அப்புறம் லண்டன். இவங்க வாசிக்கிற வகை இசைக்கு பிரிட்டிஷ் பத்திரிகைக்காரங்க வச்ச பேரு ஷூகேஸ் (shoegaze), மேடைல கிட்டார்காரங்க கால்கிட்ட கெடக்குற, கிட்டார் சத்தத்த மாத்துற பெடல் பாக்ஸ் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே குனிஞ்சு நிப்பாங்க, ஷூவப் பாக்குறாங்கன்னு கிண்டல் பண்ணி வச்ச பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. பேண்டோட கிட்டார்காரர் கெவின் ஷீல்ட்ஸ் வாசிக்கிற முறையே தனி. கிட்டார்ல ட்ரெமோலோ ஆர்ம்னு ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும்ல, மத்தவங்க எப்பவாவது அத அழுத்துவாங்க, இந்த ஆளு அத கைல லூசா புடிச்சுக்கிட்டே மீட்டுவாரு, அதனால ஒவ்வொரு மீட்டுக்கும் சுருதி லேசா வழுக்கும். அதான் அம்மாவுக்கு ஸ்பீக்கர் போன மாதிரி கேட்டுச்சு.

ஆனா எனக்கு ஒரு டவுட் வந்து கண்ண தட்டு லெவலுக்கு இறக்கிப் பாத்தேன். தட்டும் வளைஞ்சிருக்கு! ஒரு ஓரம் தூக்கி தூக்கி எறங்குது, ஊசி அலைல படகு மாதிரி போகுது. கடைக்கு போன் பண்ணா அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே இந்த பேண்டே அப்படித்தான் லா, வேணும்னா அடுத்த தடவை 10 வெள்ளி கொறச்சுத் தர்றேங்குறாரு. கடுப்பாயிருச்சு. வளைஞ்சது தெரிஞ்சே, இந்த பேண்ட்னா கண்டுபிடிக்க மாட்டான்னு அந்தத் தட்ட என் தலைல கட்டியிருக்காங்கன்னுதான் இப்பவும் நெனைக்கிறேன். போன்ல அதே பாட்ட போட்டு பக்கத்துல வச்சுக் கேட்டப்புறம்தான் வித்தியாசம் பிடிபட்டுச்சு: தட்டு சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே கணக்கா ஆடுனா அது தட்டுக் கோளாறு, கை மீட்டுற வேகத்துக்கு ஆடுனா அது ஷீல்ட்ஸ். யாராவது செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறீங்கன்னா கடைலயே தட்ட வெளிய எடுத்து வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

சரி, இசைக்கு வருவோம். கவர்ல நாலே பாட்டுதான், 20 நிமிஷம்கூட இல்ல. மொத பாட்டு டு ஹியர் நோஸ் வென், இதே பாட்டு அந்த வருஷம் நவம்பர்ல வந்த லவ்லெஸ் ஆல்பத்துலயும் இருக்கு. டிரம்ஸ் இருக்கா இல்லையான்னே தெரியாது. எப்படி சொல்றது, கீழ வாய்டு டெக்ல (அடுக்குமாடிக்கு அடில இருக்குற திறந்த தரைத்தளம்) மலாய் கல்யாணம் நடக்கும்போது 11வது மாடிக்கு பாட்டு வரும்ல, வரி ஒண்ணும் வராது, காத்து அடிக்கிறப்போ ராகம் மட்டும் ஏறி எறங்கும், அந்த மாதிரி. இப்படி ஒரு பாட்ட முன்னாடி வச்ச ஈ.பி பிரிட்டன் சார்ட்ல 29வது எடம் வரைக்கும் போயிருக்குன்னா ஆச்சரியமாத்தான் இருக்கு.

நம்ம கூட்டத்துல நாலஞ்சு பேருக்குப் போட்டுக் காட்டுனேன். அக்காவுக்கு சுத்தமா புடிக்கல, "வரியே கேக்கலயேடா, அந்தப் பொண்ணு என்ன தூக்கத்துலயா பாடுது"ன்னு கேட்டா. சரியாத்தான் கேட்டிருக்கா! பாடகி பிலிண்டா புட்சர் அந்தக் காலத்துல நெறைய பாட்டு விடியக்காலைல அப்பதான் தூங்கி எழுந்து பாடுனதாம், குரலயும் இன்னொரு வாத்தியம் மாதிரி கிட்டாருக்குள்ள அமுக்கி வச்சிருப்பாங்க. நாம காலைல ரேடியோ போட்டதும் வரிய முணுமுணுக்குற ஆளுங்க, வரி இல்லாட்டி பாட்டே இல்லங்குற மாதிரி வளந்துட்டோம், அதனால அக்காவ குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா உருமி மேளம் அடிக்கிற நம்ம மச்சான் ஒருத்தன் கண்ண மூடி முழுசா கேட்டுட்டு சொன்னதுதான் எனக்கு இன்னும் காதுல நிக்குது. "இது உருமுறதுதான் மச்சான், வளைஞ்ச குச்சிய தோல்ல வச்சு தேய்ச்சா ஒரு முனகல் வரும்ல, நடுவுல சுருதி வழுக்கும்ல, அத கிட்டார்ல பண்றான்"னான். நான் இத்தன வருஷமா இந்த பேண்ட கேக்குறேன், எனக்குத் தோணவே இல்ல. அப்புறம் சத்தத்த கொஞ்சம் ஏத்தச் சொன்னான், ஏத்துனேன், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவத் தட்டிட்டாங்க.

ரெண்டாவது பாட்டு ஸ்வாலோதான் என் ஃபேவரிட். அடில ஓடுற அந்தத் தாளம் துருக்கி பெல்லி டான்ஸ் கேசட்டுலேருந்து எடுத்த சாம்பிள், அதனால நம்ம காதுக்கு இது மத்ததவிட சீக்கிரம் ஒட்டும், அக்காகூட இதுக்கு மட்டும் லேசா தலையாட்டுனா (கேட்டா இல்லம்பா). ஹனி பவர் கொஞ்சம் ராக் மாதிரி வேகமா போகும், எனக்கு சுமார்தான். மூன் சாங் மெதுவா, அழகா, அவ்ளோதான்.

முக்கியமான விஷயத்த விட்டுட்டேன் பாருங்க. பாட்டு முடிஞ்சுருச்சுன்னு நெனைக்கிறப்போ கவர்ல பேரே போடாத குட்டி குட்டி இசைத் துண்டு வரும், ஒவ்வொண்ணும் வேற ராகம் வேற கலர், பிடிச்சு உக்காருறதுக்குள்ள மறைஞ்சிரும். சினிமா பாட்டுல சரணத்துக்கு முன்னாடி வர்ற இன்டர்லூடுக்காகவே பாட்ட ரீவைண்ட் பண்ணுற ஆளுங்க நாம, நமக்கு இது ரொம்ப நல்லாவே புரியும். லவ்லெஸ்ஸ விட இந்த ஈ.பிய முதல்ல கேளுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றதுக்குக் காரணமே இந்தத் துண்டுங்கதான்.

தட்டு வாங்க காசு வேணாம்னா 2012ல வந்த 1988 முதல் 1991 வரைக்குமான ஈ.பி தொகுப்புல இது மொத்தமும் இருக்கு, ஸ்ட்ரீமிங்லயும் கெடைக்குது. எம்ஆர்டில மட்டும் கேக்காதீங்க, ரயில் சத்தமும் கிட்டாரும் ஒண்ணாக் கலந்து எது எதுன்னே தெரியாது. ராத்திரி ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஹெட்போன்ல கேளுங்க.

இசைக்கு அஞ்சுக்கு நாலரை, கடைக்கு ஒண்ணு. தட்டு இப்ப ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல அம்மாவோட அரிசி மூட்டைக்கு அடில ரெண்டு வாரமா கெடக்கு, இன்னும் நேராகல.